ராஜா தலைக் காசும் அரைப் பந்தும்

அம்மா இறந்த ஐம்பத்திரண்டாம் நாள் தினேஸ்வரி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். என் சித்தி மகள் அவள், ஈப்போவில் இருக்கிறாள். ஒரு நாணயக் கடையின் முகநூல் பக்கத்தில் வந்த படம் அது. பச்சைத் துணியின் மேல் ஒரு தங்கக் காசு. பக்கத்தில் கருத்துப்போன ரப்பர் பந்தின் ஒரு பாதி. கீழே எழுதியிருந்தது: "சுங்கை ரெங்காஸ் தோட்டத்துப் பழைய கோயிலை இடித்தபோது கூரையில் கிடைத்த பந்துக்குள் இருந்த பவுன். வருடம் 1918. அரிது."

குரல் பதிவும் ஒன்று வந்திருந்தது. "அக்கா, நம்ம தோட்டம்லா இது. பெரியம்மாவோட காசு காணாமப் போச்சுன்னு சொல்வாங்களே, அதுவா இருக்குமோ?"

நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறையைத் தொங்கவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் பார்ப்போம். சொட்டினால் ஓட்டை. சொட்டாவிட்டால் சரி. பதினைந்து வருடமாக இதைச் செய்கிறேன். அன்று எட்டாவது கையுறை சொட்டியதை நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பமேலாதான் தோளைத் தட்டினாள்.

காசைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெயர் இருளாயி. சுங்கை ரெங்காஸில் பிறந்தவள். பதினான்கு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். நாளுக்கு ஐந்நூறு மரம். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகும். இருளாயி வெட்டிய மரத்தில் புண் இருக்காது என்று வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொல்வாராம். இதை அம்மா தன் வாழ்நாளில் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். தன்னைப் பற்றி அவள் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அப்பா பெயர் சீனி. தோட்டத்தில் பால் லாரி ஓட்டினார். கல்யாணமான இரண்டாம் வருடம் ஈப்போவிலிருந்து ஒரு பவுன் காசு வாங்கி வந்தார். வளையம் வைத்து அம்மாவின் தாலிக்கொடியில் கோர்க்க வேண்டும் என்பது திட்டம். அது தள்ளிக்கொண்டே போனது. 1993இல் லாரி கவிழ்ந்து அப்பா இறந்தார். எனக்கு ஆறு வயது. காசு வளையம் இல்லாமலே நின்றது. ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் குதிரை. அம்மா அதை ராஜா தலைக் காசு என்றுதான் சொல்வாள்.

நாங்கள் இருந்தது லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று; கதவுக்கு ஒரு கொக்கிதான் உண்டு. காலையில் எல்லாரும் மரத்துக்குப் போய்விட்டால் லயத்தைப் பார்த்துக்கொள்ள நாய்கள் மட்டும். காசை எங்கே வைப்பது? அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ரப்பர் பாலில் சில சொட்டு ஆசிட் விட்டால் உறைந்து கட்டியாகிவிடும். அந்தக் கட்டிப்பால் துண்டுகள் எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டக் கிடக்கும். ஈர விறகுகூடப் பற்றிக்கொள்ளும். அதை எவனும் திருட மாட்டான். காசைக் கட்டிப்பாலுக்குள் வைத்துவிட்டால் போதும்.

முதல் முறை காசு அடியில் போய் உட்கார்ந்து வெளியே தெரிந்தது. தங்கம் மூழ்கும். பாதிப் பாலை உறையவிட்டு, அதன் மேல் காசை வைத்து, மீதியை ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு இசபெல்லா. அவள் பாலைச் சேர்த்து உறையவைக்கும் ஸ்டோரில் வேலை செய்தாள். பால் உறைவது அவளுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கறி வரும். அம்மா கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டாள். நாலு முருங்கைக்காயாவது போகும். நான் இசபெல்லாவை அத்தை என்று கூப்பிட்டேன்.

அந்தக் கட்டி வேறு இரண்டு கட்டிகளோடு கூரைச் சட்டத்தின் இடுக்கில் கிடந்தது. மொத்தம் மூன்று. அம்மா தினமும் நிமிர்ந்து எண்ணுவாளாம்.

1995இல் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். எல்லாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மா மூன்று கட்டிகளையும் இறக்கி ஒவ்வொன்றாக அறுத்தாள். மூன்றிலும் ரப்பர்தான் இருந்தது.

யாரோ ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர். அம்மாவின் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவுக்கு வந்திருப்பேன்.

முனியாண்டி கோயில் முன்னால் கூட்டம் கூடியது. எனக்கு எட்டு வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டில் சூடம் எரிந்தது.

"நீ எடுக்கலேன்னா சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போ."

"நான் மாதா கோயிலுக்குப் போறவ, இருளாயி. பைபிள் மேல கைய வச்சுச் சொல்றேன்."

"ஒன் சாமிய எனக்குத் தெரியாது. என் சாமி முன்னால சொல்லு."

"அப்ப என் வாய்ச்சொல்லு போதாது?"

"போதாது."

இசபெல்லா திரும்பி நடந்தாள். சூடத்தை அணைக்காமல் போனவள் திருடி என்று தோட்டம் முடிவு செய்தது. அடுத்த மாதம் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம்.

கமுந்திங்கில் அம்மா இருபது வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். எங்கள் அடுக்கு மாடியில் எதிர்வீட்டுக்காரி பெயர்கூட அவளுக்குத் தெரியாது. யாராவது பலகாரம் கொடுத்தால் வாசலிலேயே வாங்கி, தட்டை அங்கேயே கழுவிக் கொடுத்துவிடுவாள். உள்ளே விடமாட்டாள். "பழகினா பாத்துக்கிட்டே இருப்பாங்க. பாத்தா தெரிஞ்சுக்குவாங்க." ஒரு முறை தைப்பிங் பாசாரில், மீன் கடையில் இசபெல்லாவைப் பார்த்தோம். அம்மா எடை போட்ட மீனை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்று வெறும் ரசம். காசு கட்டிப்பாலுக்குள் இருந்தது என்பதையே எனக்கு அன்று ராத்திரிதான் சொன்னாள். அப்போது எனக்கு இருபது வயது.

அதற்கு மேல் அவளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என்னைப் படிக்க வைத்தாள். இந்த வருடம் மார்ச்சில் பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். வயது அறுபத்தெட்டு.

சனிக்கிழமை ஈப்போவுக்குப் போனேன். கடை பழைய நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கடைக்காரர் பெயர் கனகராஜ். அறுபது வயதிருக்கும். நான் பையிலிருந்து சின்னத் தராசையும் அளவுமானியையும் எடுத்து வைத்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"அளக்குறதுக்கு மெஷினோட வந்த மொத ஆளு நீங்கதாம்மா. கல்யாணத்துக்கு மாப்பிள பாக்குறப்பவும் இப்படித்தானா?"

எடை 7.98 கிராம். விட்டம் 22 மில்லிமீட்டர். சரியான பவுன்.

அவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். குதிரையின் காலடியில், தரைக்கோட்டின் மேல், ஓர் எறும்பின் தலையளவு எழுத்து இருந்தது. "இது பம்பாயில அடிச்சது. அங்க அந்த ஒரு வருசந்தான் அடிச்சான். அதுவுமில்லாம நம்ம ஆளுங்ககிட்டேருந்து வர்ற பவுனெல்லாம் எப்படி வரும் தெரியுமா? தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேச்சு, ராஜாவுக்கு மூக்கே இருக்காது. வளையம் வேற பத்த வச்சிருப்பான். இது ரப்பருக்குள்ளயே கெடந்துச்சு. பாருங்க, தாடி முடிய எண்ணலாம்."

"எவ்வளவு?"

"ஒம்பதாயிரம் வெள்ளி. பாதி தங்கத்துக்கு. பாதி தாடிக்கு."

பிறகு பந்தின் பாதியை எடுத்து வைத்தார். நான் அதைத்தான் பார்க்க வந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வெளிப்புறம் கறுத்து இறுகியிருந்தது. வெயில் படாத இடத்தில் கிடந்திருக்கிறது. பட்டிருந்தால் சில வருடத்திலேயே பிசினாகியிருக்கும். அறுத்த முகத்தில் அடுக்குகள் தெரிந்தன. நடுவில் கட்டிப்பால். அதைச் சுற்றி மரத்தின் வெட்டுவாயில் காய்ந்து நாடாவாகும் ரப்பர் இழைகள், சுற்றுச் சுற்றாக. அவற்றுக்கு நடுவே ஒரு சுற்று மட்டும் துணி. கருநீலத் துணி.

என் பள்ளிச் சீருடையின் இடுப்பு வார்.

பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்த வாரைத் தொலைத்ததற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். தொலைக்கவில்லை. பந்துக்குள் சுற்றினேன். பந்துக்கு நடுவில் வைக்க உருண்டையாக ஒன்று வேண்டும். கூரை இடுக்கில் மூன்று கட்டிகள் இருந்தன. அதிகம் உருண்டையாக இருந்ததை எடுத்தேன். அம்மா எண்ணுவாள் என்று தெரியும், அதனால் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த ஒரு கட்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தேன்.

அந்தப் பந்து நேராக எழும்பாது. தரையில் அடித்தால் ஒரு பக்கமாகச் சாயும். பிள்ளைகள் குடிகாரப் பந்து என்று பெயர் வைத்தார்கள். எட்டுக் கிராம் உலோகம் நடுவை விட்டு விலகி இருந்தால் பந்து அப்படித்தான் போகும். இன்று எனக்கு அது தெரியும். மூன்றாம் நாள் கோயில் கூரைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் போய்விட்டது. முனியாண்டி தலைக்கு மேல் யாரும் ஏறமாட்டார்கள். நான் வேறு பந்து சுற்றிக்கொண்டேன். வருடத்துக்கு நாலைந்து சுற்றுவோம். காசு கட்டிப்பாலுக்குள் இருந்தது என்று அம்மா சொன்னபோது பந்து என் நினைவிலேயே இல்லை.

"என்னம்மா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"இது எங்கம்மாவோட காசு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நேத்து ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தருக்குத் தாத்தாவோடதாம், இன்னொருத்தருக்கு மாமியாரோடதாம். அத்தாட்சி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

அத்தாட்சி அவர் கையிலேயே இருந்தது. நான் சொல்லவில்லை. நீல வாரைச் சொன்னால், அதைச் சுற்றியது யார் என்றும் சொல்ல வேண்டும்.

"பந்தை மட்டும் தருவீங்களா?"

"பந்து போயிட்டா கதையும் போயிரும்லா. ரெண்டும் சேத்துத்தான். ஒரு வாரம் எடுத்து வைக்கிறேன். அதுக்கு மேல முடியாது."

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினேன். பணம் இருந்தது. அம்மாவின் சேமநிதியிலிருந்து பதினோராயிரம் வந்திருந்தது, தொடவில்லை. பிரச்சினை அது அல்ல. வாங்காமல் விட்டால் காசு வேறு யாரிடமோ போகும், பந்து எங்கேயாவது குப்பையில் விழும். அம்மா சரியாகவே இருப்பாள். இசபெல்லா திருடியாகவே இருப்பாள். வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தாலும் அதுவேதான். யாரிடமும் சொல்லாவிட்டால் வாங்குவதும் வாங்காததும் ஒன்று. சொன்னால், செத்து இரண்டு மாதம் ஆகாத அம்மாவை நான் பொய்யாக்க வேண்டும்.

கமுந்திங் வெளிவழியில் நான் இறங்கவில்லை. பாகான் செராய் வரை போனேன். இசபெல்லா மகன் கால்வினோடு அங்கே இருக்கிறாள் என்று தெரியும். அம்மா போகாமல் தவிர்த்த ஊர்களில் அதுவும் ஒன்று.

வயல் ஓரத்து வீடு. வெளிக்குழாயடியில் ஒரு கிழவி முக்காலியில் உட்கார்ந்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"இருளாயி மவ. கலாதேவி."

கத்தி நின்றது. மறுபடி ஓடியது. "போயிட்டாளாமே. கேள்விப்பட்டேன். நான் வரல. வந்திருந்தா எழுந்து ஒக்காந்து சூடம் கேப்பா."

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். "கால்வினு, கண்ணாடியக் கொண்டா." கால்வின் அண்ணன் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தபடி கதவோரம் நின்றார். இசபெல்லா காசைப் பார்க்கவில்லை. பந்தைப் பெரிதாக்கச் சொல்லி அதையே பார்த்தாள்.

"ரெண்டு ஊத்து ஊத்துன கோடு தெரியுது பாரு. நான் சொல்லிக் குடுத்தது." பிறகு கேட்டாள். "மேல சுத்துனது யாரு?"

"நான்தான், அத்தை."

எப்படி எடுத்தேன், வேறு கட்டியை எப்படி வைத்தேன் என்று சொன்னேன். ஆய்வறிக்கை வாசிப்பது மாதிரி வந்தது. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"அடிப் பாவி," என்றாள். மேலும் மூன்று மீன் உரித்தாள். "முப்பது வருசம். காசுக்காரின்னு பேரு வச்சானுங்க. இவன காசுக்காரி மவன்னானுங்க. எங்க வீட்டுக்காரரு பெர்னார்ட்டு சாவுக்குத் தோட்டத்து ஆளு நாலே பேரு."

"மன்னிச்சுக்குங்க அத்தை."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா?" கத்தியை என் பக்கம் நீட்டினாள். "கோயில்ல வச்சுத்தான கேட்டா? கோயில்ல வச்சுச் சொல்லு. அடுத்த மாசம் திருவிழா. எல்லாப் பயலும் வருவான்."

"அம்மா இல்ல, அத்தை. அவங்களால பதில் சொல்ல முடியாது."

"நான் இருந்தேனே. என்னைச் சொல்ல விட்டாளா?"

கால்வின் அண்ணன் கார் வரை வந்தார். "அவங்க அப்படித்தான் பேசுவாங்க. ஒனக்கு முடியலேன்னா விட்டுரு, கலா." கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சா செய்யி."

படத்தைக் காட்டினால் நம்பமாட்டார்கள். பொருள் கையில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் கனகராஜிடம் பணத்தைக் கட்டினேன். கட்டிய பிறகு நீல வாரைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா வெலயக் கொறச்சிருப்பீங்களா?"

"இல்ல. கூட்டியிருப்பேன்." பிறகு ஐந்நூறு வெள்ளியை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். "பந்துக்கு வெல கிடையாது. வச்சுக்குங்க."

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். கோயிலை ஆற்றோரம் ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். திருவிழாவுக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தோட்டத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள். கோயில் தலைவர் அப்பாவுவிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. காசை ஒரு கையிலும் பந்தின் பாதியை மறு கையிலும் வைத்துக்கொண்டேன்.

"என் பேரு கலாதேவி. இருளாயி மகள். தொண்ணூத்தஞ்சுல எங்கம்மாவோட காசு காணாமப் போச்சு. இசபெல்லா அத்தை எடுத்ததா எங்கம்மா சொன்னாங்க. அவங்க எடுக்கல. காசு இருந்த கட்டிப்பாலை எடுத்துப் பந்து செஞ்சது நான். அது நம்ம பழைய கோயில் கூரையிலதான் இருந்திருக்கு. எங்கம்மா சொன்னது தப்பு."

அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பது மாதிரி இருந்தது.

பின்னாலிருந்து சலசலப்பு எழுந்தது. ஒரு பெண், "இப்ப இருளாயிக் கெழவி செத்ததும் வந்து என்னா வேணா சொல்லலாம்," என்றாள். அப்பாவு தாத்தாவுக்குத் தர்மசங்கடம். அதைச் சிரிப்பாக்கப் பார்த்தார். "ஏம்மா, சத்தியமாத்தான் சொல்றியா? சூடம் ஏத்தட்டுமா?" சிலர் சிரித்தார்கள்.

நான் கையை நீட்டினேன். "ஏத்துங்க."

அவர் உண்மையிலேயே தட்டை எடுத்தார். தீப்பெட்டியைத் தேடினார்.

வேலி ஓரத்தில் நெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்த இசபெல்லா எழுந்தாள். கால்வின் அண்ணன் பிடிக்க வந்தார்; கையைத் தட்டிவிட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"வேணாம்லா அப்பாவு. தட்டக் கீழ வையி. அவ வாயால சொன்னா போதும்."

அப்பாவு தாத்தா தட்டைக் கீழே வைத்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். பந்தின் பாதியை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். காசை அவள் தொடவில்லை. "ராஜாவ நீயே வச்சுக்க. புளி போட்டுத் தேய்க்காத." இலையில் ஆட்டுக்கறி விழுந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு பத்தல," என்றாள். பிறகு நான் எதுவும் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் இலையில் வைத்தாள்.